மாலை ஆறு மணிக்கு முதல் பந்து

விளையாட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை எல்லாக் கேள்விகளும் சுங்கை சிப்புட் பக்கமிருந்து. எல்லாமே இங்கிலாந்துக் கவுண்டி கிரிக்கெட், அதாவது அங்குள்ள மாவட்ட அணிகள் ஆடும் போட்டிகள் பற்றியவை.

செம்பனை ஆலையில் காலை ஷிப்ட் எனக்கு. ஐந்து மணிக்கு எழ வேண்டும். ஒரு கவுண்டி அணியை சீசன் முழுக்கப் பார்க்க ஆசை. கூட்டாளிகளோ, "டி20 மட்டும் பாரு, நாலு நாள் ஆட்டத்துக்கு உனக்கு ஏது நேரம்?" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?
– ஆலைத் தொழிலாளி

சரியில்லை ஐயா. உங்களுக்கு ஏற்றது நாலு நாள் ஆட்டம்தான். டி20 தான் தூக்கத்தைக் கெடுக்கும். கணக்கைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் கோடைக் கடிகாரம் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. சீசன் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அந்த மாதங்களில் மலேசியாவில் நாம் அவர்களைவிட 7 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கவுண்டி சாம்பியன்ஷிப் என்னும் நாலு நாள் ஆட்டம் அங்கே காலை 11 மணிக்குத் தொடங்கும். நமக்கு மாலை 6. நீங்கள் வேலை முடிந்து குளித்து, விளக்கேற்றும் நேரத்தில் முதல் பந்து விழும். இரவு 8 மணிக்கு அவர்களுக்கு மதிய உணவு, நமக்கு இரவுச் சாப்பாடு. தேநீர் இடைவேளை நமக்கு இரவு 10.40 வாக்கில். அத்தோடு படுத்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் மூன்றாவது செஷன் (ஆட்டப் பகுதி) நள்ளிரவைத் தாண்டி ஒரு மணி, சில நாள் ஒன்றரை வரை போகும். அதைக் காலையில் பசியாறும்போது ஸ்கோர் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, மூன்றில் இரண்டு பங்கு ஆட்டம் தூக்கம் கெடாமல் உங்களுக்குக் கிடைக்கும். செப்டம்பரில் அங்கே வெளிச்சம் சீக்கிரம் மங்குவதால் பத்தரைக்கே தொடங்குவார்கள். நமக்கு மாலை ஐந்தரை, இன்னும் வசதி.

கவுண்டிகளின் டி20 போட்டியான பிளாஸ்ட் ஆட்டங்களில் பெரும்பாலானவை அங்கே மாலை ஆறரை, ஏழு மணிக்கு. நமக்கு அதிகாலை ஒன்றரை, இரண்டு. முடியும்போது பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) ஆள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு மதியம் இரண்டரைக்கு வைக்கும் ஆட்டம் மட்டும் நமக்கு இரவு 9.30க்கு வரும், அதைப் பாருங்கள். பர்மிங்ஹாமின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு அரையிறுதியும் இறுதியும் நடக்கும் நாளில் முதல் அரையிறுதியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆகஸ்டில் நடக்கும் 50 ஓவர் கோப்பையும் பெரும்பாலும் 11 மணி ஆட்டம்தான், அதாவது மாலை 6. முதல் இன்னிங்ஸ் முழுவதையும் ஒன்பதரைக்குள் பார்த்துவிடலாம்.

பலர் ஏமாறுவது ஓர் இடத்தில். கவுண்டிகளின் இணையத்தளத்தில் போட்டிருப்பது பிரிட்டன் நேரம். கவுண்டிகள் ஆட்டத்தை ஒளிபரப்பும் யூடியூபின் நினைவூட்டல் காட்டுவது உங்கள் கைப்பேசியின் நேரம். இரண்டையும் கலந்துவிட்டால் "11 மணி ஆட்டம்" என்று இரவு பதினொன்றுக்குத் திறப்பீர்கள். அங்கே தேநீர் இடைவேளை முடிந்து மூன்றாவது செஷன் ஓடிக்கொண்டிருக்கும்.

18 கவுண்டிகளில் எதைப் பிடித்துக்கொள்வது?
– பட்டணத்து மளிகைக் கடைக்காரர்

சாம்பியனைப் பிடிக்காதீர்கள், அலுத்துவிடும். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் சர்ரே வென்றது. 2025இல் நாட்டிங்ஹாம்ஷர், 2010க்குப் பிறகு முதன்முறையாக. சுழற்பந்து பிடிக்குமென்றால் சாமர்செட். அவர்களுடைய டான்டன் மைதானம் பந்தைத் திருப்பும் என்பதால் இங்கிலாந்துக்காரர்களே அதற்கு 'சைடராபாத்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். 'சைடர்' எனும் ஆப்பிள் மதுவுக்குப் பேர்போன ஊரும் ஹைதராபாத்தும் சேர்ந்த கேலி. 1890இல் அதிகாரபூர்வமாகத் தொடங்கிய இந்த சாம்பியன்ஷிப்பை சாமர்செட் இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. நெஞ்சு வலிக்கத் தயாராக இருந்தால் அதை எடுங்கள். வேகப்பந்தும் குளிரும் வேண்டுமென்றால் டரம். ஆற்று வெள்ளம் பார்த்து வளர்ந்தவருக்கு வூஸ்டர்ஷர் பிடிக்கும்: செவெர்ன் ஆறு பெருகினால் நியூ ரோடு மைதானமே குளமாகிவிடும், ஏப்ரல் ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்ற வேண்டிவரும்.

எதை எடுத்தாலும் ஒரு முழு சீசன் மாற்றாதீர்கள். ஜூன் மாதத்தில்தான் நாலாவது பந்துவீச்சாளர் பெயரே மனத்தில் நிற்கத் தொடங்கும்.

புள்ளிப் பட்டியல் புரியவில்லை. வென்ற அணிக்கு ஒருமுறை 19, ஒருமுறை 22. டிராவான ஆட்டத்தில் ஓர் அணிக்கு 14, இன்னொன்றுக்கு 10. எப்படி?
– ஆறாம் படிவ மாணவர்

2024, 2025 சீசன்களின் விதிப்படி சொல்கிறோம் தம்பி. வெற்றிக்கு 16. டிராவுக்கு ஆளுக்கு 8. இதற்கு மேல் போனஸ். போனஸ் முதல் இன்னிங்ஸில் மட்டும், அதுவும் முதல் 110 ஓவருக்குள் மட்டும். மட்டை அணிக்கு 250 ரன்னில் ஒன்று; பிறகு 300, 350, 400, 450 ஒவ்வொன்றிலும் ஒன்று. ஆக அதிகபட்சம் 5. பந்துவீசும் அணிக்கு 3, 6, 9 விக்கெட்டுகளில் ஒவ்வொன்று, அதிகபட்சம் 3. ஓர் ஆட்டத்தில் 24 புள்ளிக்கு மேல் யாருக்கும் கிடைக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். உன் அணி 110 ஓவரில் 362, 8 விக்கெட். 250, 300, 350 தாண்டியதால் மூன்று. எதிரணி ஆறு விக்கெட்டைத் தாண்டியும் ஒன்பதைத் தொடாததால் அவர்களுக்கு இரண்டு. பிறகு எதிரணி 240க்கு ஆல் அவுட், 85 ஓவரில். மட்டைக்கு அவர்களுக்கு ஒன்றுமில்லை, பந்துவீச்சுக்கு உனக்கு மூன்று. நீ வென்றால் 16+3+3, இருபத்திரண்டு, அவர்களுக்கு 2. மழை வந்து டிராவானால் உனக்கு 14, அவர்களுக்கு 10. நீ கேட்ட அதே கணக்கு.

இது தெரிந்தால்தான் சில விசித்திரங்கள் புரியும். 107வது ஓவரில் 343 ரன், எட்டு விக்கெட் போயாயிற்று. அதுவரை கட்டை போட்டுக்கொண்டிருந்த ஆள் திடீரென்று கண்ணை மூடிக்கொண்டு வீசுவார். பைத்தியமில்லை, 350இன் புள்ளிக்கு இன்னும் 7 ரன் வேண்டும், மீதி மூன்று ஓவர்தான். அதே மாதிரி 110 தாண்டியதும் ஆட்டம் சட்டென்று மந்தமாகிவிடும். ஒரு கேப்டன் 400க்கு 5 என்று டிக்ளேர் செய்தால், எதிரணிக்குப் பந்துவீச்சுப் புள்ளி ஒன்றோடு நின்றுவிடும்.

பட்டியலில் கழித்தல் குறி இருந்தால் பெரும்பாலும் மெதுவாக ஓவர் வீசியதற்கான தண்டனை. குறைந்த ஒவ்வோர் ஓவருக்கும் ஒரு புள்ளி போகும். இன்னொன்று, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைக் கட்டத்தைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு 'நாம் நாலாவது இடம்' என்று துள்ளாதே. விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023இல் டிராவுக்கு 5தான். ஏப்ரலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்.

முதல் பிரிவில் 10 அணி, இரண்டாவதில் 8. ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். இரண்டாம் பிரிவின் முதல் இரண்டு அணி மேலே வரும், முதல் பிரிவின் கடைசி இரண்டு கீழே போகும். இரண்டாம் பிரிவில் இருக்கும் அணியைத் தேர்ந்தெடுத்தவருக்கு செப்டம்பர் மாதம் சுவாரசியமாக இருப்பது இதனால்தான்.

லயத்து வீட்டில் ஃபைபர் லைன் கிடையாது, கைப்பேசி டேட்டாதான். முழு நாள் பார்த்தால் எவ்வளவு போகும்?
– தோட்டத்து வாசகி

அக்கா, கணக்கு எளிது. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு 450 எம்பி தின்னும். யூடியூபில் 480பி படத்தரம் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் ஓடும். முதல் இரண்டு செஷன் நான்கு மணி நேரம் என்றால் 1.8 ஜிபி. ஓர் ஆட்டம் நாலு நாள், அதாவது 7 ஜிபிக்கு மேல். 720பிக்கு விட்டால் இரண்டு மடங்கைத் தாண்டும். தானியங்கித் தரத்தில் விடாதீர்கள், சிக்னல் கொஞ்சம் நன்றாக வந்ததும் அதுவே மேலே ஏறிவிடும். கையால் 360பி அல்லது 480பியில் பூட்டுங்கள். கைப்பேசித் திரைக்கு அது போதும். பந்து தெரியாவிட்டாலும் பந்தடிப்பவரின் கால் நகர்வது தெரியும்.

இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் வர்ணனையை மட்டும் கேளுங்கள். நொடிக்கு 128 கிலோபிட் ஒலி மணிக்கு 58 எம்பிதான். பெரும்பாலான கவுண்டி ஒளிபரப்புகளில் உள்ளூர் பிபிசி வானொலியின் வர்ணனையைத்தான் சேர்த்திருப்பார்கள். படத்தை 144பிக்கு இறக்கிவிட்டு, கைப்பேசியை அரிசி டின் மேல் வைத்துவிட்டு சமையலைப் பாருங்கள்.

இரண்டு இடத்தில் தடுமாறுவீர்கள். உங்கள் அணி வெளியூரில் ஆடும்போது அவர்களுடைய யூடியூப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. ஒளிபரப்புவது யார் மைதானமோ அந்தக் கவுண்டி. 14இல் 7 ஆட்டம் வெளியூர், எனவே எதிரணிகளின் பக்கங்களையும் இப்போதே தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றது, படம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஸ்கோர் செயலியின் அறிவிப்பு முந்திக்கொண்டு வந்து விக்கெட்டைச் சொல்லிவிடும். பார்க்கும் நேரத்தில் அறிவிப்பை அணைத்துவிடுங்கள்.

மாலை ஆறு மணி நம் பக்கம் இடி நேரம் என்பது உங்களுக்குத் தெரியாததா? மின்னல் வெட்டினால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

ஏப்ரலில் 150க்குள் சுருளும் அணி ஜூனில் 500 அடிக்கிறது. அதே ஆட்கள், அதே மைதானம். பந்தில் ஏதாவது வித்தியாசமா?
– தோட்டக் குழுவின் வேகப்பந்து வீச்சாளர்

பந்து, மண், வானம் மூன்றும் சேர்ந்து.

ஏப்ரலில் அங்கே பகலிலேயே நடுக்கம். பிட்சுக்குள் ஈரம் காயாது, புல் பச்சையாக இருக்கும். ஈர மண்ணில் பந்தின் தையல் குத்தி விழுந்தால் பிடித்துத் திசை மாறும். நாம் பாய் விரித்து ஆடும் இடங்களில் இது கிடையாது. பாயில் பந்து எழும்பும், திரும்பும். தையல் பிடிப்பதைக் காண முடியாது. ஆகவே அங்கே ஏப்ரலில் டாஸ் வென்றவர் பெரும்பாலும் பந்துவீசத்தான் கேட்பார்.

அடுத்தது அங்கே வழக்கமாக வீசும் டியூக்ஸ் பந்து. அதன் ஆறு வரிசைத் தையலும் கையால் போட்டது. தையல் மேடாக நிற்கும், நெடுநேரம் அமுங்காது. தோலில் ஏற்றிய எண்ணெய்ப்பசையால் தேய்க்கத் தேய்க்க மினுக்கம் வரும். ஐம்பது ஓவரிலும் ஸ்விங் ஆகும், அதாவது காற்றில் வளையும். கூகபுரா என்னும் இன்னொரு வகைப் பந்தில் நடு இரண்டு வரிசை மட்டும் கைத்தையல், வெளி வரிசைகள் இயந்திரத்தில் தைத்தவை. முப்பது ஓவருக்குள் தையல் தட்டையாகி, பந்து மெத்தென்று ஆகிவிடும்.

2023 முதல் 2025 வரை சாம்பியன்ஷிப்பின் சில சுற்றுகளில் வேண்டுமென்றே கூகபுராவைக் கொடுத்துப் பார்த்தார்கள். தையலை நம்பாமல் வேகத்தையும் சுழலையும் நம்பும் பந்துவீச்சாளர்கள் உருவாகட்டும் என்பது எண்ணம். 2025இல் அப்படி ஒரு சுற்றில் ஓவல் மைதானத்தில் சர்ரே டரமுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 820 அடித்து டிக்ளேர் செய்தது. டாம் சிப்லி மட்டும் 305. ஆட்டம் டிரா. பழைய ஸ்கோர் அட்டைகளைப் பார்த்து 'இவர் முச்சதக்காரர்' என்று முடிவு கட்டுமுன் எந்தப் பந்து, எந்த மாதம் என்று பாருங்கள். ஏப்ரலில் டியூக்ஸை எதிர்த்து அடித்த 60க்கு எங்கள் கணக்கில் மதிப்பு அதிகம்.

எங்கள் அணியின் முக்கிய வீரர் திடீர் திடீரென்று காணாமல் போகிறார். காயம் என்று செய்தியும் இல்லை.
– பள்ளி ஆசிரியர்

இங்கிலாந்து அணிக்குப் போயிருப்பார், அல்லது அங்கிருந்து 'ஓய்வெடு' என்று உத்தரவு வந்திருக்கும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் மத்திய ஒப்பந்தம் உள்ளவர் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பதைக் கவுண்டி மட்டும் முடிவுசெய்ய முடியாது. ஆகஸ்ட் என்றால் பதிலே தேவையில்லை, 2021இல் தொடங்கிய ஹண்ட்ரட் என்னும் நூறு பந்துப் போட்டி நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். 50 ஓவர் கோப்பையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாம் வரிசை இளைஞர்கள். எரிச்சல்படாதீர்கள், அடுத்த ஏப்ரலின் பெயர்கள் அங்கேதான் கிடைக்கும். ஓர் ஆட்டத்தில் வெளிநாட்டு வீரர்கள் இருவர் மட்டுமே ஆடலாம், அவர்களும் பெரும்பாலும் சில ஆட்டங்களுக்கே வருவார்கள். இங்கிலாந்து அணி விடுவித்த ஒருவர் ஆட்ட நடுவிலேயே வந்து சேரவும் இடமுண்டு; ஸ்கோர் அட்டையில் 12 பெயர் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

பாதி ஆட்டம்தான் பார்க்கிறேன். யார் கை ஓங்கியிருக்கிறது என்று எப்படிக் கணிப்பது?
– ஓய்வுபெற்ற கிராணி

ஐயா, கணக்குப் புத்தகம் எழுதிய கை உங்களுடையது. இது கைவந்த வேலை.

பள்ளிக்கூட நோட்டில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம். நாளுக்கு ஒன்றாக நான்கு வரிசை, செஷனுக்கு ஒன்றாக மூன்று பத்தி, ஆக 12 கட்டம். ஒரு நாளுக்கு 96 ஓவர், எனவே ஒரு கட்டத்துக்குச் சராசரி 32. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்கள் மட்டும் எழுதுங்கள்: ஓவர், ரன், விக்கெட். தூங்கிவிட்ட செஷனைக் காலையில் ஸ்கோர் அட்டையைப் பார்த்து நிரப்புங்கள்: நாள் முடிவு ஸ்கோரிலிருந்து தேநீர் ஸ்கோரைக் கழித்தால் வந்துவிடும். இடையில் இன்னிங்ஸ் மாறியிருந்தால் அதே கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தப்பு விடுவார்கள், இரண்டு அணியின் விக்கெட்டையும் ஒன்றாகக் கூட்டிவிடுவார்கள்.

பிறகு கட்டத்துக்கு ஒரு குறி. 32–95–1 மட்டை அணிக்கு. 32–80–4 பந்து அணிக்கு. 32–90–2 யாருக்கும் இல்லை, வெறும் புள்ளி வையுங்கள். மழையில் 11 ஓவர்தான் நடந்ததென்றால் குடை படம் போடுங்கள். அதை எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள். மூன்றாம் நாள் மாலையில் பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். குடை மூன்றுக்கு மேல் இருந்தால் டிரா என்று எழுதி வைத்துக்கொண்டு தூங்கலாம், பெரும்பாலும் தப்பாது.

நாலு நாள் ஆட்டத்தில் ஃபாலோ ஆன் (பின்தங்கிய அணியை உடனே மறுபடி மட்டை பிடிக்கச் சொல்வது) 150 ரன் வித்தியாசத்தில் வரும், டெஸ்ட் மாதிரி 200 அல்ல. ஸ்கோர் அட்டையில் பெயருக்குப் பக்கத்து நட்சத்திரம் கேப்டன், குத்துவாள் குறி விக்கெட் கீப்பர். ரன்னுக்குப் பக்கத்து நட்சத்திரம் ஆட்டமிழக்கவில்லை. பந்துவீச்சில் 21–6–58–3 என்றால் ஓவர், மெய்டன் (ரன் கொடுக்காத ஓவர்), ரன், விக்கெட் என்ற வரிசை.

மகள் நாட்டிங்ஹாமில் படிக்கிறாள். மே மாதம் போகிறோம். ஒரு நாள் ஆட்டம் பார்க்க என்ன ஏற்பாடு?
– குடும்பத் தலைவி

மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதி கட்டாயம். அந்த ஆண்டு ஏப்ரலில் கட்டணம் 16 பவுண்ட் ஆயிற்று. கிளம்புமுன் இப்போதைய தொகையைப் பாருங்கள். ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானத்துக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவு. பல வரிசை காலியாகத்தான் இருக்கும்.

மே மாதம் என்றதும் வெயில் என்று நம்பிவிடாதீர்கள் அம்மா. நிழலில் உட்கார்ந்தால் நடுங்கும். கனத்த ஒரே கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. வெயில் வந்தால் கழற்றலாம். காலையில் வெயில் எந்தப் பக்கமோ அங்கே உட்கார்ந்து, மதியத்துக்குப் பிறகு இடம் மாறுங்கள். பந்து ஸ்விங் ஆவதைப் பார்க்க பந்துவீச்சாளர் ஓடிவரும் நேர்கோட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்தால் ஓவர் முடியும்வரை எழக் கூடாது. எழுந்தால் மட்டையாளர் கையைக் காட்டி ஆட்டத்தையே நிறுத்துவார், எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். பல மைதானங்களில் மதிய இடைவேளையில் பார்வையாளர்களைப் புல்வெளியில் நடக்க விடுவார்கள். பிட்சுக்குக் கயிறு கட்டியிருக்கும். அதன் ஓரம் நின்று புல் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

நம் மண்ணில் பிறந்தவர் யாராவது அங்கே ஆடியிருக்கிறாரா? தமிழர்?
– இடைநிலைப் பள்ளி மாணவி

கோலாலம்பூரில் 1909இல் பிறந்த லால் சிங், 1932இல் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் இருந்தார். கவுண்டிகளுக்காக ஆடிய தமிழர்கள் என்றால் டார்பிஷருக்கு வெங்கட்ராகவன். லங்காஷருக்கும் கென்டுக்கும் முரளிதரன். வூஸ்டர்ஷர், நாட்டிங்ஹாம்ஷர், சர்ரே மூன்றுக்கும் அஸ்வின். அண்மையில் சர்ரேக்கு சாய் சுதர்சனும் சாய் கிஷோரும். அஸ்வின் சர்ரேக்கு ஆடியது ஒரே ஆட்டம், 2021இல். எதிரணி சாமர்செட். இரண்டாம் இன்னிங்ஸில் 27 ரன் கொடுத்து 6 விக்கெட்.

வர்ணனையாளர் சொல்லும் பெயரும் எழுத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லையே?
– சாப்பாட்டுக் கடைக்காரர்

ஒத்துப்போகாது. வொர்செஸ்டர் என்று எழுதி வூஸ்டர் என்பார்கள். லெய்செஸ்டர் லெஸ்டர் ஆகும், கிளவ்செஸ்டர் கிளாஸ்டர், டெர்பி டார்பி, வார்விக் வாரிக். டர்ஹாமில் 'ஹா'வை விழுங்கிவிட்டு டரம் என்பார்கள். நம் ஊர்ப் பெயரை அவர்கள் வாயில் கேட்டால் நமக்கும் இதே கதிதான்.